கடை இருக்கிறது, கூகுளில் காணோம்: வாசகர் கேள்வி பதில்

இணையதளம் வைத்திருப்பவர்களின் சந்தேகங்களைக் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. பெயரை விட்டுவிட்டு, ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

வடசேரியில் கோயில் நகையும் பரதநாட்டிய நகையும் செய்து விற்கிறோம். தளம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. கடைப் பெயரை முழுசாக அடித்தாலும் கூகுளில் வரவில்லை. முகவரியை நேரடியாக அடித்தால் திறக்கிறது. எங்கே கோளாறு?
– நகைக்கடை உரிமையாளர், நாகர்கோவில்

சொந்தப் பெயருக்கே வரவில்லை என்றால் அது தரவரிசைச் சிக்கல் இல்லை. கூகுளின் பட்டியலுக்குள்ளேயே நீங்கள் இன்னும் நுழையவில்லை. அதை உறுதிசெய்ய ஒரு வழி: தேடல் கட்டத்தில் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை (தளத்தின் முகவரிப் பெயரை) அடியுங்கள். பட்டியலில் இருக்கும் பக்கங்கள் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியைத் திறங்கள். ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்’ என்று பொருள்படும் ஒரு சின்னக் கட்டம் அடியில் இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்த டிக் இருக்கும்வரை எல்லாப் பக்கத்திலும் ‘நோ-இண்டெக்ஸ்’ என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். டிக்கை எடுத்து, சேமித்து, கேஷையும் (தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலையும்) அழியுங்கள்.

அடுத்தது ரோபோட்ஸ் கோப்பு. டொமைன் பெயருக்குப் பின் சாய்கோடு போட்டு ‘ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது திறக்கும். ‘டிஸ்அலவ்’ என்ற வரிக்கு எதிரே வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத்தளத்துக்கும் கதவு சாத்தியிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரோபோட்ஸ் கோப்பு, கூகுளைப் படிக்கவிடாமல் வாசலில் நிறுத்துவது. நோ-இண்டெக்ஸ், படித்த பிறகு ‘பட்டியலில் சேர்க்காதே’ என்று சொல்வது. வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே ஒட்டிய சீட்டை கூகுள் பார்க்கவே பார்க்காது.

இரண்டும் சரியாக இருந்தால் கூகுள் சர்ச் கன்சோலில் (உங்கள் தளத்தை கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கருவி) டொமைனைச் சேருங்கள். தளம் உங்களுடையதுதான் என்று காட்ட அது தரும் டிஎக்ஸ்டி பதிவை (ஒரு வரி எழுத்து), டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் என்ற டொமைன் அமைப்புப் பகுதியில் ஒட்ட வேண்டும். உடனே சரிபார்க்காவிட்டால் ஒரு நாள் பொறுத்து மறுபடி அழுத்துங்கள். பிறகு சைட்மேப்பைச் (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியலை) சமர்ப்பியுங்கள். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரிகள் வரை இருக்கலாம் என்பதால் உங்களுக்கு ஒன்றே தாராளம். முகப்பையும் முக்கியமான ஐந்தாறு பக்கங்களையும் முகவரிச் சோதனையில் போட்டு, பட்டியலிடக் கேளுங்கள். ஒரே பக்கத்துக்குத் தினமும் கேட்பதால் வேகம் கூடாது.

சில வாரம் கழித்தும் ‘படிக்கப்பட்டது, பட்டியலிடப்படவில்லை’ என்ற நிலை காட்டினால், பக்கத்தில் சரக்கு இல்லை என்று கூகுள் கருதுகிறது. ஒரு படமும் ‘விலைக்கு அழைக்கவும்’ என்ற ஒரு வரியும் மட்டும் இருக்கும் நகைப் பக்கங்களுக்கு இதுதான் நடக்கும். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம் என்று செட்டில் என்னென்ன அடக்கம், அடி உலோகம் வெள்ளியா செம்பா, கல் கெம்பா, குழந்தைக்கான அளவு உண்டா, அரங்கேற்றத்துக்கு எத்தனை வாரம் முன்பே சொல்ல வேண்டும், முலாம் மங்கினால் திரும்பப் போட்டுத் தருவீர்களா என்று எழுதுங்கள். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதற்கான பதிவு உங்களிடம் இருந்தால் சான்றின் படத்தோடு அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

தினமும் காலையில் பூ விலையைத் தளத்தில் போடுகிறோம். நாளுக்கு ஒரு புதுப் பக்கம் என்று ஆயிரம் பக்கம் தாண்டிவிட்டது. ‘தோவாளை பூ விலை இன்று’ என்று தேடினால் எங்களுடைய பழைய தேதிப் பக்கம் ஏதோ ஒன்று எங்கோ பின்னால் வருகிறது. இன்றைய பக்கம் வருவதே இல்லை.
– பூ வியாபாரி, தோவாளை

ஆயிரம் பக்கம் போட்டது உழைப்புதான். ஆனால் அந்த ஆயிரமும் ஒரே தேடலுக்கு ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஒரு நாள். எந்தப் பக்கத்துக்கும் பிறர் இணைப்புக் கொடுத்து மதிப்புச் சேர்வதற்குள் அது பழசாகிவிடுகிறது. இன்றைய பக்கத்தை கூகுள் கண்டுபிடிப்பதற்குள் சந்தையே கலைந்துவிடும்.

மாற்ற வேண்டியது இது: ‘இன்றைய விலை’க்கு முகவரி மாறாத ஒரே பக்கம். தலைப்பு ‘தோவாளை பூச்சந்தை இன்றைய பூ விலை’. அதன் கீழே தேதியும் விலை எடுத்த நேரமும். அடுத்து அட்டவணை: பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கேந்தி, வாடாமல்லி, கோழிப்பூ, கொழுந்து, துளசி. ஒவ்வொன்றுக்கும் அளவு, இன்றைய விலை, நேற்றைய விலை. தாமரை எண்ணத்திலும் ரோஜா பாக்கெட்டிலும் விற்கும் என்பதால் அளவுக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். ‘விலை 10’ என்று மட்டும் இருந்தால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. அட்டவணை எழுத்தாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்புக்குச் செய்த படத்தை மட்டும் ஒட்டினால் கூகுளுக்கு அதில் படிக்க அதிகம் கிடைக்காது. கைப்பேசியில் பார்ப்பவரும் விரலால் விரித்து விரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அட்டவணைக்குக் கீழே ஏழு நாள் விலை. அதற்கும் கீழே ‘விலை ஏன் ஏறியது’ என்று இரண்டே வரி: பனியால் மல்லிகை வரத்துக் குறைவு, நாளை முகூர்த்தம், கேரளத்துக்கு ஓண ஏற்றுமதி என்பது போல. அந்த இரண்டு வரி உங்களால் மட்டுமே எழுத முடிந்தது. வேறு எந்தத் தளமும் நகலெடுத்துப் பிழைக்க முடியாத இடம் அதுதான்.

பழைய ஆயிரம் பக்கங்களையும் அழித்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு பக்கமாகத் தொகுத்து, ஒவ்வொரு நாள்பக்கத்தின் முகவரியையும் அந்தந்த மாதப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் மூலம் அனுப்புங்கள். சைட்மேப்பில் ‘கடைசியாக மாறிய நேரம்’ உண்மையான நேரமாக இருக்கட்டும். அது எப்போதும் சரியாக இருந்தால்தான் கூகுள் அதை நம்பிப் பயன்படுத்துகிறது. ‘முன்னுரிமை’, ‘எத்தனை நாளுக்கொருமுறை மாறும்’ என்ற இரண்டு கட்டங்களையும் கூகுள் பொருட்படுத்துவதில்லை. விலையை மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றும் வேலை வேண்டாம்.

ஓணம், ஆயுதபூஜைப் பக்கங்களின் முகவரியில் வருடம் போடாதீர்கள். ஒரே முகவரியை ஆண்டுதோறும் புதுப்பித்தால் போன வருடம் சேர்ந்த மதிப்பு இந்த வருடமும் உதவும். அத்தம் (ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் நாள்) வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பிந்திவிடும். ஒரு மாதம் முன்பே பக்கம் தயாராக இருக்கட்டும்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளாக ஊர் வரலாற்றுக் கட்டுரைகள் வெளியிடுகிறோம். பழையவை பாமினி எழுத்துருவில் உள்ளன. தளத்தில் நன்றாகத் தெரிகிறது, தேடலில் மட்டும் வரவில்லை. முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்பதும் எங்களுக்குள் ஒரு சண்டை.
– இணைய இதழ் நடத்துவோர், தக்கலை

உங்கள் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். எழுத்துரு என்ற முகமூடிதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. கூகுள் முகமூடியைப் பார்ப்பதில்லை, கீழே கிடப்பதைத்தான் படிக்கிறது. சோதிக்க வேண்டுமா? கட்டுரையின் ஒரு வரியை நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். ஆங்கிலக் கலவையாக விழுந்தால் அந்தக் கட்டுரை தேடலைப் பொறுத்தவரை இல்லாத கட்டுரை.

திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடாக்குங்கள் (எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் எழுத்துமுறை அது). மாற்றிய பின் மூன்று இடங்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்: கட்டுரைக்குள் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்கள் (இவையும் தமிழாக மாறிச் சிதைந்திருக்கும்), ‘ா’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்த சொற்கள், ஔகாரச் சொற்கள். ‘கௌ’ என்பதில் ‘ள’வைத் தனி எழுத்தாக அடித்திருந்தால் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும், தேடலில் வேறு சொல். கட்டுரைகளின் முகவரியை மாற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

முகவரிச் சண்டைக்கு வருவோம். தமிழ் முகவரியை கூகுள் நன்றாகப் படிக்கும், அதில் குறையில்லை. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளுடன் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கன்னியாகுமரி’ என்ற சொல்லில் கணினிக் கணக்கில் பன்னிரண்டு குறிகள் (புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறிகள்). ஒட்டினால் 108 எழுத்து. நான்கு சொல் முகவரி என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு பத்தி நீளும், அதைப் பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று நினைப்பார். எனவே புதிய கட்டுரைகளுக்கு ஆங்கில எழுத்தில் குறுகிய முகவரி, தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் என்பதே எங்கள் பரிந்துரை. ஏற்கெனவே தமிழில் உள்ளவற்றைத் தொடாதீர்கள்.

மொழியைப் பற்றி இன்னொன்று. பக்கத்தின் மொழி எது என்பதை, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்துத்தான் கூகுள் முடிவு செய்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தர விரும்பினால் தனித்தனிப் பக்கமாக வையுங்கள். இதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ‘எச்ரெஃப்லாங்’ குறிப்பு இரண்டு பக்கத்திலும் ஒன்றையொன்று காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் அது செல்லாது.

‘தேன்’ என்று தேடினால் எங்கள் தளம் முதலில் வர என்ன செய்ய வேண்டும்?
– தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்

அந்த ஒற்றைச் சொல்லை விட்டுவிடுங்கள். அதைத் தேடுகிறவர் வாங்க வருகிறாரா, மருத்துவக் குணம் படிக்க வருகிறாரா, பாட்டு தேடுகிறாரா என்பது யாருக்கும் தெரியாது. நாடு முழுக்க விற்கும் பெரிய பெயர்கள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. வாங்க வருகிறவர் நீளமாகத்தான் அடிப்பார்: ‘மார்த்தாண்டம் தேன் ஒரு கிலோ விலை’, ‘ரப்பர் தேன் நல்லதா’, ‘தேன் உறைந்தால் கலப்படமா’.

சொற்களை ஊகிக்க வேண்டாம், சர்ச் கன்சோலிலேயே இருக்கின்றன. செயல்திறன் அறிக்கையில் 16 மாதத் தரவு கிடைக்கும். சராசரி இடம் 8 முதல் 20 வரை, தேடலில் தோன்றிய எண்ணிக்கை அதிகம், கிளிக் குறைவு: இப்படிப்பட்ட வரிகளை எடுத்துத் தாளில் எழுதுங்கள். கொஞ்சம் தள்ளினால் ஏறிவிடும் சொற்கள் அவைதான். 70ஆம் இடத்தில் இருப்பதற்கு மல்லுக்கட்டுவதைவிட இது பலமடங்கு பயன்.

ஒரே பொருளுக்கு நம் பக்கத்திலேயே பல பெயர் உண்டு. கொசுத்தேனீயின் தேனைக் கொசுத்தேன் என்பார் சிலர், சிறுதேன் என்பார் சிலர், எல்லை தாண்டினால் செறுதேன். ஒரு பெயரைத் தலைப்பில் வைத்து, மற்றவற்றை ‘இதைச் செறுதேன் என்றும் கேட்பார்கள்’ என்று உள்ளே ஒரு முறை எழுதினால் போதும். பத்து முறை திணித்தால் படிப்பவர் ஓடிவிடுவார், கூகுளும் அதை மோசடிக் கணக்கில் வைக்கும்.

தலைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. ‘முகப்பு – தரமான தூய தேன் – சிறந்த தேன் – தேன் வாங்க’ என்பது வீண். ‘மார்த்தாண்டம் ரப்பர் தேன்: 500 கிராம், 1 கிலோ, விலையும் ஆய்வு அறிக்கையும்’ என்பது சரி. உள்ளே முதல் பத்தி இப்படிப் போகலாம்:

‘ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் மாதங்களில், தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பைத் தேனீக்கள் எடுத்துச் சேர்ப்பது இது. பூவில் எடுத்தது அல்ல. சீக்கிரம் உறையும் குணம் உடையது. உறைந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும், அடுப்பில் சூடாக்க வேண்டாம்.’

உறைவதைக் கலப்படம் என்று நினைத்துப் பலர் திருப்பி அனுப்புவார்கள் அல்லவா? அந்தக் கேள்விக்குத் தனிப் பக்கமே எழுதுங்கள். குளுக்கோஸ் படிகமாவதை விளக்கி, உறைந்த பாட்டிலின் படத்தையும் போடுங்கள்.

ஒரு நிறுவனம் 30 நாளில் முதலிடம் உறுதி என்கிறது. பிற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு 5,000 இணைப்புகள் தருவார்களாம். பணம் கட்டலாமா?
– ஏத்தங்காய் சிப்ஸ் தயாரிப்பாளர், ஈத்தாமொழி

கட்டாதீர்கள். முதலிடத்தை யாராலும் உறுதியாகத் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. காசுக்கு வாங்கிய இணைப்புகளைப் பிடிக்க 2012இல் கூகுளின் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. இன்று அவை பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்கப்படுவதில்லை, மோசமானால் தண்டனையும் உண்டு. உங்களுக்குப் பயன்படும் இணைப்பு, உங்கள் சிப்ஸை வாங்கி விற்கும் கடையின் தளம், நீங்கள் உறுப்பினராக இருக்கும் வணிகர் சங்கம், உங்களைப் பற்றி எழுதிய செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து வருவது. யாரிடம் வேலை கொடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரிலும், சர்ச் கன்சோல் உரிமை உங்கள் ஜிமெயிலிலும் இருக்கட்டும். அவர்களுக்குக் கொடுப்பது இரண்டாம் நிலை அனுமதி மட்டும்.

கடலோரத்தில் ஹோம்ஸ்டே. எல்லாப் படமும் நல்ல கைப்பேசியில் எடுத்தது. கூகுளின் பேஜ்ஸ்பீடு என்ற வேகச் சோதனையில் சிவப்பு 23 காட்டுகிறது. நூறு வந்தால்தான் மேலே வருமா?
– விடுதி நடத்துபவர், முட்டம்

நூறு வேண்டாம். அந்த எண் ஆய்வுக்கூடச் சோதனை. அறிக்கையின் மேற்பகுதியில் உண்மையான பயனர்களின் 28 நாள் அளவு வரும், அதுதான் முக்கியம் (வருகை குறைவான தளங்களுக்கு அது காட்டாது). மூன்று அளவுகள்: பெரிய படம் அல்லது பத்தி தெரிய 2.5 நொடிக்குள், தொட்டால் பதில் 200 மில்லி நொடிக்குள், ஏறும்போது பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள். தொடுதல் அளவு 2024 மார்ச்சில் பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. நூற்றில் 75 வருகைகளாவது இந்த எல்லைக்குள் வந்தால் பச்சை.

உங்கள் சிக்கல் படம்தான். கைப்பேசிப் படம் 4,000 பிக்ஸல் அகலம், நான்கைந்து எம்பி. அதை அப்படியே ஏற்றினால், பார்ப்பவரின் திரையில் சிறியதாகத் தெரிந்தாலும் முழு எடையும் இறங்கும். அகலத்தை 1,600க்குக் குறைத்து, வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவில், தரம் 75 முதல் 80க்குள் சேமியுங்கள். பெரும்பாலும் 200 கேபியைச் சுற்றி வந்துவிடும். அலை, மணல் படங்களில் நுணுக்கம் அதிகம் என்பதால் சற்றுக் கூடும், பரவாயில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது ‘முன்பதிவு’ பொத்தான் கீழே குதிக்கும். கீழே உள்ள படங்களுக்கு ‘லேசி லோடு’ (பக்கத்தை உருட்டி வரும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதி) வையுங்கள். உச்சியில் உள்ள முதல் படத்துக்கு வைக்கவே கூடாது. பல செருகுநிரல்கள் (பிளக்இன்) எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்துவிடும், அதனால்தான் முதல் படம் தாமதமாகத் தெரிகிறது. எட்டுப் படம் ஓடும் ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே ஒரு நல்ல படம் வையுங்கள். தமிழ் எழுத்துருவில் சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு தடிமன் போதும்.

வேகம் மட்டும் மேலே கொண்டுவராது. ஒரே மாதிரி இரண்டு பக்கம் போட்டியிடும்போதுதான் அது கைகொடுக்கும். கூடவே விருந்தினர் கேட்பதை எழுதுங்கள்: அறையிலிருந்து அஸ்தமனம் தெரியுமா, நாகர்கோவில் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ கிடைக்குமா, பாறைப் பகுதியில் குழந்தைகளை இறக்கலாமா, சபரிமலை சீசனில் கன்னியாகுமரிக்குக் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் படகு வரிசை குறைவு, சித்ரா பௌர்ணமிக்கு எப்போதிருந்து முன்பதிவு.

டாக்சி ஓட்டுகிறோம். ‘நாகர்கோவில் டாக்சி’, ‘குளச்சல் டாக்சி’, ‘கருங்கல் டாக்சி’ என்று 60 ஊருக்கு 60 பக்கம் போட்டோம். முதலில் ஆள் வந்தது, இப்போது எல்லாம் காணாமல் போய்விட்டது.
– வாடகை வாகன உரிமையாளர், குழித்துறை

60 பக்கத்திலும் ஊர்ப்பெயரைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்றால், அவற்றை வாசல் பக்கங்கள் என்று கூகுளின் ஸ்பேம் விதி சொல்கிறது. பல கதவு, உள்ளே ஒரே அறை. அவற்றை எடுத்துவிட்டு, நீங்கள் ஓடும் ஊர்களை ஒரே பக்கத்தில் பட்டியலிடுங்கள்.

தனிப் பக்கம் வேண்டுமானால் ஊருக்கு அல்ல, பயணத்துக்குப் போடுங்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கன்னியாகுமரி சுமார் 90 கிலோமீட்டர். கேரளப் பெர்மிட் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, விமானம் தாமதமானால் காத்திருப்பு எவ்வளவு, களியக்காவிளை நெரிசல் நேரம் எது, இரவு படி உண்டா என்று எழுதினால் அது உண்மையான பக்கம். பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி சேர்ந்த ஒரு நாள் சுற்று இன்னொரு பக்கம். அதில் திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும் என்ற ஒரு வரி இருந்தால், ஞாயிறு இரவு தேடுகிறவர் உங்களைத்தான் நம்பிக் கூப்பிடுவார்.

டயர் கடை. கூகுள் மேப்பில் பக்கத்துக் கடை மேலே வருகிறது. பெயரோடு ‘பெஸ்ட் வீல் அலைன்மென்ட் தக்கலை’ என்று சேர்க்கச் சொல்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் 100 ரூபாய் தள்ளுபடி என்று எழுதி ஒட்டலாமா?
– கடைக்காரர், தக்கலை

இரண்டும் வேண்டாம். பெயர்ப்பலகையில் உள்ள பெயர்தான் மேப்பிலும் இருக்க வேண்டும். சொல் சேர்த்தால் யாராவது புகார் செய்த அன்றே உங்கள் பட்டியல் முடங்கலாம். மதிப்புரைக்குப் பணமோ தள்ளுபடியோ தருவது விதிமீறல், அப்படி வந்த மதிப்புரைகள் நீக்கப்படும்.

மேப் வரிசையை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்பது. தூரம் உங்கள் கையில் இல்லை. அதனால்தான் கடைக்குள் நின்று தேடினால் முதலாவதாகவும், அழகியமண்டபத்தில் நின்று தேடினால் நான்காவதாகவும் தெரியும். முதன்மை வகை ‘டயர் கடை’யாக இருக்கட்டும், சக்கர அலைன்மென்டைச் சேவைகளில் தனியாகச் சேருங்கள். ஊசிக்குறி கடை வாசலில் நிற்கிறதா என்று பாருங்கள். கடை மாறியபோது உண்டான பழைய பட்டியல் இன்னும் இருந்தால், அதை ‘இரட்டைப் பதிவு’ என்று தெரிவித்து நீக்குங்கள். ஞாயிறு, பண்டிகை நேரத்தைச் சரியாகப் போடுங்கள். வேலை முடிந்து சாவி கொடுக்கும்போது எல்லோரிடமும் மதிப்புரை கேளுங்கள், திருப்தியானவரிடம் மட்டும் அல்ல. குறை சொன்னவருக்கு என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி பதில் எழுதுங்கள்.

எங்கள் பள்ளித் தளத்தைத் தேடினால் கூகுளில் ஜப்பானிய எழுத்தில் பை, செருப்பு விற்பனை வருகிறது. கிளிக் செய்தால் ‘பக்கம் இல்லை’ என்கிறது. அப்படியே விட்டால் போய்விடுமா?
– பள்ளி அலுவலகம், அருமனை

போகாது, பெருகும். தளம் ஹேக் ஆகியிருக்கிறது. நீங்கள் திறந்தால் ‘இல்லை’ என்றும், கூகுள் வந்தால் ஜப்பானியப் பக்கமும் காட்டும் வகை இது. சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனையில் அந்த முகவரியைப் போட்டு, கூகுள் பார்த்ததைத் திறந்து பாருங்கள், குட்டு வெளிப்படும்.

வரிசை முக்கியம். முதலில் சர்ச் கன்சோலின் பயனர் பகுதியைத் திறந்து, தெரியாத உரிமையாளர் இருந்தால் அவர் பயன்படுத்திய சரிபார்ப்புக் கோப்பையும் அழித்து நீக்குங்கள். கோப்பை விட்டுவைத்தால் திரும்ப வந்துவிடுவார். பிறகு முழுத்தளத்தையும் நகலெடுத்துவிட்டு, வேர்ட்பிரஸின் மையக் கோப்புகளை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி மாற்றுங்கள். காசுக்கு விற்பதன் திருட்டுப் பதிப்பான ‘நல்டு’ தீம் (வடிவமைப்பு), செருகுநிரல் இருந்தால் அழியுங்கள், பெரும்பாலும் கதவு அதுதான். எச்டிஅக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பில் அந்நிய வரிகளும், படங்கள் சேரும் அப்லோட்ஸ் கோப்புறையில் அந்நிய பிஎச்பி (நிரல்) கோப்பும் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். ஹோஸ்டிங், எஃப்டிபி (கோப்பு ஏற்றும் கணக்கு), தரவுத்தளம், நிர்வாகி என்று எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அவர்கள் ஏற்றிய சைட்மேப்பை நீக்குங்கள்.

ஜப்பானிய முகவரிகள் 404 அல்லது 410 (‘பக்கம் இல்லை’ என்று பொருள்) என்று பதில் தரட்டும். அவற்றை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்காதீர்கள், தடுத்தால் பக்கம் போய்விட்டது என்பதே கூகுளுக்குத் தெரியாது. ‘நீக்கு’ கருவி சுமார் ஆறு மாதத்துக்கு மறைக்க மட்டுமே செய்யும். பாதுகாப்பு அறிக்கையில் எச்சரிக்கை இருந்தால், என்னென்ன செய்தீர்கள் என்று எழுதி மறுபரிசீலனை கேளுங்கள்.

நாற்றுப்பண்ணைத் தளத்தைப் புதுசாக வடிவமைத்தோம். பார்க்க அருமையாக இருக்கிறது, வருகை பாதியாகிவிட்டது.
– நாற்றுப்பண்ணை, குலசேகரம்

பழைய முகவரிகள் மாறியிருக்கும், திருப்பம் வைத்திருக்க மாட்டார்கள். சர்ச் கன்சோலில் தளம் மாறுவதற்கு முந்தைய மூன்று மாதத்தைத் தேர்ந்து, பக்கங்கள் பட்டியலை இறக்குங்கள். ரப்பர் கன்றுப் பக்கம் புதிய ரப்பர் கன்றுப் பக்கத்துக்கு, கிராம்பு கிராம்புக்கு, மட்டி வாழை மட்டி வாழைக்கு என்று ஒன்றுக்கு ஒன்றாக 301 வையுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளினால் கூகுள் அதை ‘பக்கம் இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். திருப்பங்கள் குறைந்தது ஓர் ஆண்டு இருக்கட்டும். பழைய பக்கத்தில் இருந்த நீண்ட விளக்கத்தை ‘அழகுக்காக’ வெட்டியிருந்தால் திரும்பப் போடுங்கள். நடவு இடைவெளி, எத்தனை மாதக் கன்று, வேருடன் பையிலா வெறும் வேரா என்பதையெல்லாம் தேடித்தான் விவசாயிகள் வந்தார்கள்.

சிறு கேள்விகள்

*மெட்டா கீவேர்ட்ஸ் நிரப்ப வேண்டுமா?* (கொல்லங்கோடு) வேண்டாம். பக்கத்தின் மறைகுறிப்பில் தேடல் சொற்களைப் பட்டியலிடும் அந்தக் கட்டத்தைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. மெட்டா விளக்கம் (தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் வரிகள்) மட்டும் எழுதுங்கள். இடத்தை உயர்த்தாது, ஆனால் கிளிக் செய்ய வைக்கும்.

*செயற்கை நுண்ணறிவில் எழுதிப் போடலாமா?* (ஆரல்வாய்மொழி) எந்தக் கருவியில் எழுதினீர்கள் என்பது சிக்கல் இல்லை. தரவரிசைக்காகவே நூற்றுக்கணக்கில் பயனற்ற பக்கம் குவிப்பதை 2024 மார்ச் முதல் கூகுள் தனி விதியாகவே தடுத்திருக்கிறது. கருவி எழுதித் தந்தால் விலை, தூரம், நேரம், ஊர்ப்பெயர் ஒவ்வொன்றையும் நீங்கள் சரிபாருங்கள். திற்பரப்பைத் திருநெல்வேலி மாவட்டத்தில் வைத்து எழுதினாலும் வியப்பில்லை.

*மாற்றம் செய்தால் எத்தனை நாளில் பலன் தெரியும்?* (இராஜாக்கமங்கலம்) தலைப்பு மாற்றம் சில நாளில் தெரியலாம். புதிய தளத்துக்கு நல்ல இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் பத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வருகையை ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஏறி மாசியில் இறங்குவது கன்னியாகுமரித் தளங்களுக்கு இயல்பு.